கடலைத் தொட்டுத் தொட்டு வந்த குரல்

போன கிழமை நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நம்மில் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். ஆலங்குடாவில் ஹோட்டலில் வேலை செய்கிறவள். விடியற்காலையில் எடுத்திருக்கிறாள். எண்ணெய் ஊற்றியது போல் அசையாத கடல். அதற்கு அப்பால், கரையோரமாக வரிசையில் நிற்கும் காற்றாலைகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் இன்னொரு காற்றாலை தலைகீழாக நின்றது.

கீழே நீங்கள் எழுதியவற்றை வாசித்துச் சிரித்தேன். "எந்த ஆப் மச்சி?" என்று ஒருவன். "ஹோட்டல்ல ராத்திரி என்ன குடிக்கக் குடுத்தவங்கள்?" என்று இன்னொருவன். அவள் பாவம், "சத்தியமா நான் ஒண்டும் செய்யேல்ல" என்று எழுதினாள். பிறகு படத்தையே அழித்துவிட்டாள்.

நான் பதில் எழுதத் தொடங்கினேன். அது வாட்ஸ்அப்பில் அடங்காமல் நீண்டுவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன். வாசித்துவிட்டு அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கள். அந்தப் படம் பொய்யில்லை. அதே காற்றாலைகள் அப்படி நிற்பதை நான் பன்னிரண்டு வயதில் பார்த்திருக்கிறேன். நாள் குறித்து அப்பியாசக் கொப்பியில் எழுதியும் வைத்திருந்தேன். கொப்பி இப்போது இல்லை. ஏதோ ஒரு மாரியில் கூரை ஒழுகி, அலுமாரியோடு சேர்ந்து நனைந்து போனது.

நாமெல்லாம் முப்பதைத் தொடப் போகிறோம். ஏழாம் வகுப்பில் நாம் இருந்த அந்தத் தவக்காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த வருடம்தான் நம் ஊர்ப் படகுகள் எல்லாம் ஒரு நல்ல நாளில் கடலுக்குப் போகாமல் கரையில் கிடந்தன. உங்கள் வீடுகளில் என் அப்பாவைத் திட்டியிருப்பார்கள். பரவாயில்லை.

அப்பா படகில் போகாதவர். இளவயதில் கடலட்டை பிடிக்கும் சுழியோடியாக இருந்தார். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடது கால் விளங்காமல் போனது. வலது காதும் போனது. இடது காது மட்டும் மிச்சம். அந்தக் காதை நம்பித்தான் ஊர் அவருக்கு ஒரு வேலை கொடுத்திருந்தது.

சிலுவை நட்ட குருசடிக்குப் பக்கத்தில் நின்ற கம்பத்தை மறந்திருக்க மாட்டீர்கள். காலை ஆறு மணிச் செய்தியோடு வானொலியில் கடல் நிலை சொல்வார்கள். கடல் மோசம் என்றால் அப்பா நொண்டிக்கொண்டு போய் அந்தக் கம்பத்தில் சிவப்புச் சீலை ஏற்றுவார். சீலை பறந்தால் ஒரு படகும் இறங்காது. இது மீனவர் சங்கம் வைத்த வழக்கம். எல்லார் வீட்டிலும் ரேடியோ இருந்ததுதான். ஆனால் ஒருவன் படகைத் தள்ளினால் பக்கத்தில் நிற்பவனும் ரோசத்தில் தள்ளுவான். அதனால் ஊருக்கே ஒருவர் கேட்டு அவரே முடிவு செய்ய வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அப்பாவுக்குப் படகு இல்லை. போகவும் ஆசை இல்லை, நிற்கவும் ஆசை இல்லை. அந்த வேலைக்கு அவரை விடப் பொருத்தமான ஆள் கிடையாது. கரைக்கு வரும் ஒவ்வொரு படகும் எங்கள் வீட்டுக்குக் கறிக்கு மீன் போட்டுவிட்டுப் போகும். எங்கள் அடுப்பு எரிந்தது அதில்தான். நான் பள்ளிக்கூடம் போனதும் அதில்தான். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் எவரும் மூன்றாம் வகுப்பைத் தாண்டியதில்லை.

படகுகள் கரையில் கிடந்த அன்று புதன்கிழமை. காற்று விழுந்துவிட்ட மாதம். வெயில் ஏறுவதற்கு முன்பே வேர்க்கும். நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அப்பா வழக்கம் போல் குசினியில் தகரச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, ரேடியோவை இடது காதோடு ஒட்டி வைத்திருந்தார். சின்ன ரேடியோ. ஏரியல் முறிந்து செப்புக் கம்பி கட்டியது. நம் நிலையம் வரும் இடத்தில் முள் நிற்க வேண்டும் என்று கண்ணாடியில் பிளாஸ்டர் துண்டு ஒட்டியிருந்தார். எழுத்தும் இலக்கமும் வாசிக்கத் தெரியாத மனிதருக்கு அது போதும்.

திடீரென்று எழுந்து சீலையை எடுத்தார்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டாள்.

"பலத்த காத்தாம். கடல் கொந்தளிக்குமாம். ஒருத்தரும் இறங்க வேணாமாம்."

கரையில் எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றவர்கள் சீலையைப் பார்த்தார்கள், கடலைப் பார்த்தார்கள், அப்பாவைப் பார்த்தார்கள்.

"அண்ணே, சட்டிக்குள்ள இருக்கிற தண்ணி கூட இதைவிட ஆடும்."

"நானா சொல்றன்? ரேடியோ சொல்லுது."

முணுமுணுத்தார்கள். ஆனால் எஞ்சின்களை இறக்கி வைத்தார்கள். வழக்கம் வழக்கம்தான்.

பத்து மணியாயிற்று, காற்று வரவில்லை. பன்னிரண்டு மணியாயிற்று, ஒரு தென்னோலை அசையவில்லை. அதற்குள் பக்கத்துக் கரைப் படகுகள் விளிம்பு வரை பாரை மீனோடு திரும்பி வந்தன. புத்தளத்திலிருந்து ஐஸ் லொறி கொண்டுவரும் முஸ்லிம் நானா வந்து, வெறுங்கரையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். மன்னாரிலிருந்து சின்ன வயதில் இடம்பெயர்ந்து வந்து மீன் வியாபாரத்தில் நிலைத்தவர்.

"என்ன அண்ணே, ஐஸ் உருகி ரோட்டுல ஓடுது. காத்து எங்க?"

சங்கத் தலைவர்தான் வெட்டிச் சொன்னார். "எங்கட வீட்டு ரேடியோவிலயும் அதே ஆறு மணி நியூஸ்தான் போனது. மருமகள் கேட்டவள். சாதாரண காத்து எண்டுதான் சொன்னவங்களாம். கொந்தளிப்பு எண்ட கதையே இல்ல."

"நான் கேட்டனான்," என்றார் அப்பா. "பொம்பிளை ஒருத்தி சொன்னா. புதுக் குரல். புது ஆள் எடுத்திருக்கினம் எண்டு நினைச்சன்."

பின்னால் நின்ற ஒருவர் சொன்னார்: "காத்து அவர்ட காதுக்குள்ள வீசியிருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா திரும்பிப் போய்த் தன் கையாலேயே சீலையை இறக்கினார். கயிற்றில் சிக்கிக்கொண்டது. யாரும் உதவிக்குப் போகவில்லை. நான் போனேன்.

அதற்குப் பிறகுதான் ஊர் அவரோடு கத்திப் பேசத் தொடங்கியது. வழியில் கண்டால் கையைக் குவித்து, "அண்ணே, சுகமோ" என்று அலறுவார்கள். விளையாட்டுக்குத் தொடங்கியது, ஒரு கிழமையில் பழக்கமாகிவிட்டது. அம்மாவும் கத்தினாள். அவள் விளையாட்டுக்குக் கத்தவில்லை. உண்மையாகவே காது போய்விட்டது என்று நம்பினாள். என்னைச் சுட்டது அதுதான். அதைவிடச் சுட்டது, அப்பாவும் நம்பியது. ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தபோது அவர் மேசை மணிக்கூட்டைக் கையில் எடுத்து, காதுக்குக் கிட்டக் கொண்டுபோவதும் தூரத்தில் பிடிப்பதுமாக இருந்தார். என்னைக் கண்டதும் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பது போல் பாவனை செய்தார்.

குருத்தோலை ஞாயிறன்று சங்கக் கூட்டம் என்று சொல்லியிருந்தார்கள். சீலையை வேறொருவரிடம் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. அம்மா கணக்கெல்லாம் போடவில்லை, நேராகச் சொன்னாள்: "கறிமீன் நிண்டா நான் அக்காவோட முல்லைத்தீவு வாடிக்குக் கருவாடு போடப் போறன். பிள்ளையும் வரட்டும். சமைக்க ஆள் வேணும்."

மாதக்கணக்கில் கரையில் தங்கி வேலை செய்யும் அந்த வாடிகளுக்குப் போன பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பி வருவதில்லை. நம் வகுப்பிலேயே மூன்று கதிரைகள் அப்படிக் காலியாயின. அதை உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம், அப்பா கிணற்றடியில் இருந்தபோது, நான் பாட்டுக் கேட்பதற்காக ரேடியோவைத் திறந்தேன். முள் பிளாஸ்டர் துண்டின் மேல்தான் நின்றது. ஒரு பெண் குரல். கண்ணாடி போலத் தெளிவு. "நேரம் ஐந்து மணி பத்து நிமிடம்" என்றாள். எங்கள் மேசை மணிக்கூட்டிலும் ஐந்து பத்து. பிறகு ஒரு துணிக்கடை விளம்பரம். கடை எங்கே இருக்கிறது என்றும் சொன்னாள்: தூத்துக்குடி, பழைய பேருந்து நிலையம் எதிரில்.

நான் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். "அப்பா, கேளுங்கோ, இந்தியாக்காரி கதைக்கிறா."

அவர் ஈரக் கையைத் துடைத்து ரேடியோவை வாங்கிக் காதில் வைத்தார். கொழும்பு அறிவிப்பாளர் சந்தை விலை வாசித்துக்கொண்டிருந்தார்.

"விடு பிள்ளை," என்றார். "என்ட காது உனக்கும் வந்திட்டுது போல." சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

நான் குசினிக்குத் திரும்பினேன். வாசற்படியில் கொழும்புதான். அடுப்பைத் தாண்டும் போதும் கொழும்பு. தகரச் சுவரின் முன்னால், அப்பா உட்காரும் இடத்தில் வைத்தேன். துணிக்கடைக்காரி திரும்பி வந்துவிட்டாள்.

எங்கள் குசினிக்குக் கடல் பக்கம் தென்னோலைக் கிடுகுச் சுவர். கிழக்குப் பக்கம், நிலத்தைப் பார்த்த பக்கம், யாரோ கழித்த கூரைத் தகரம். நான் அன்று அம்மா மீன் கழுவும் பெரிய சருவச்சட்டியில் தண்ணீர் நிரப்பி, நடுவில் விரலால் தொட்டுப் பார்த்தேன். வளையம் வளையமாக அலை விளிம்புக்குப் போகிறது. அங்கே முட்டித் திரும்பி வருகிறது. விளிம்போரம் போகிறதும் வருகிறதும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் கொஞ்சம் கூட எழும்புகிறது. ரேடியோவுக்கு வருவதும் அலை என்றால், தகரம் அந்த விளிம்பு. கடலிலிருந்து வரும் குரலை முட்ட வைத்துத் திருப்பித் தருகிறது. நிலத்திலிருந்து வரும் கொழும்புக் குரலைப் பின்னாலேயே மறித்துவிடுகிறது. தலைவர் வீட்டில் கேட்காதது எங்கள் வீட்டில் கேட்டது அதனால்தான். எங்கள் வீட்டுச் சுவர் ஏழைச் சுவர் என்பதால்தான்.

இதை நான் அவ்வளவு அழகாக அன்று நினைத்திருக்க மாட்டேன். ஆனால் நினைத்தேன்.

மறுநாள் விஞ்ஞானம் படிப்பித்த சேரிடம் கேட்டேன். அந்தக் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். "சேர், இந்தியா எஃப்.எம். ரேடியோ இஞ்ச கேக்குமா?"

"கேக்காது. அது நேர்கோட்டில போற அலை." கரும்பலகையில் ஒரு பெரிய வளைவு வரைந்து, "இது பூமி. நடுவில கடல் முதுகு மாதிரி எழும்பி நிக்குது" என்றார். அக்கரையிலிருந்து ஒரு கோடு இழுத்தார். கோடு நம் தலைக்கு மேலே எங்கோ போய்க் கரும்பலகையை விட்டே வெளியேறியது.

"கேட்டது, சேர்."

"அப்பிடியெண்டா கனவு கண்டிருக்கிறாய்."

நீங்கள் சிரித்தீர்கள். பின்வாங்கிலிருந்து "அப்பாட காது" என்றும் ஒரு குரல் வந்தது. யார் என்று எனக்குத் தெரியும். அவன் இந்தக் குழுவில் இருக்கிறான். போன வருடம் அவன் மகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தேன். ஆகவே கணக்குத் தீர்ந்தது.

சேர் சொன்னது பெரும்பாலான நாட்களுக்குச் சரி. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தில் மிச்சத்தைப் படித்தேன். காற்றில்லாத மாதங்களில் நிலத்தில் சூடேறிய வறண்ட காற்று கடலுக்கு மேலே படர்ந்து விரிந்துவிடும். அதற்குக் கீழே கடலை ஒட்டிக் குளிர்ந்த ஈரக் காற்று. மேல் காற்று ஒரு கூரை போல் ஆகிவிடும். வானத்துக்குத் தப்பிப் போக வேண்டிய அலையை அது கீழே வளைத்து அனுப்பும். அலை கடலில் பட்டுத் தெறித்து மேலே போகும், மறுபடி வளைந்து கீழே வரும். களப்பு நீரில் நாம் தட்டையான ஓட்டுத் துண்டை எறிந்தால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தத்திப் போகுமே, அப்படி. கூரைக்கும் கடலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட குரல் பூமி வளைகிற இடத்தில் தானும் வளைந்து வந்துவிடுகிறது. இந்தக் கரைக்கு வரும்போது பக்கத்து ஊர் நிலையத்தை விடப் பலமாகக்கூட இருக்கும். பலமானது வந்தால் எஃப்.எம். ரேடியோ மற்றதை முழுக்க விட்டுவிடும். கலந்து கேட்காது, கரகரக்காது. ஆள் மாறியதே தெரியாது. பேசுவதும் நம் மொழி, மணியும் நம் மணி. அப்பா எப்படிக் கண்டுபிடிப்பார்?

விரிவுரையாளர் இதைப் பலகையில் எழுதியபோது வகுப்பில் எல்லாரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுதவில்லை. எனக்கு அது தெரியும்.

ஐஸ் லொறி நானாவுக்கும் தெரிந்துதான் இருந்தது. நான் அவரிடம் கேட்டபோது, "அது எங்கட மன்னாருல சாதாரணம் மகள். காத்தில்லாத நாளைக்கு அங்கால ஆக்கள் கதைக்கிறது பக்கத்து வீட்டுக் கதை மாதிரிக் கேக்கும்" என்றார். அதை நான் தலைவரிடம் சொன்னேன். "அவருக்கு எல்லாம் மன்னாருல நடந்ததுதான். நிலாவும் மன்னாருலதான் உதிச்சது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு பெரிய மனிதருக்கு இன்னொரு பெரிய மனிதர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் அன்று ஒருவரிடமும் இல்லை.

ஆகவே கொப்பி. இடப் பக்கத்தில், அக்கரைக் குரல் வந்ததா இல்லையா. வலப் பக்கத்தில், கண்ணில் பட்டதெல்லாம்: காற்று, மேகம், கடலின் வற்று, பெருக்கு, அம்மாவின் அடுப்புப் புகை எந்தப் பக்கம் சாய்ந்தது. குரல் வரும் நாளை முன்கூட்டியே சொல்ல முடிந்தால்தான் பெரியவர்களை அதன் முன் உட்கார வைக்க முடியும். உட்கார வைத்துவிட்டு, "இண்டைக்கு வரேல்ல" என்று சொன்னால் அதோடு அப்பாவின் கதை முடிந்தது.

ஒன்றும் பொருந்தவில்லை. மேகம் இருந்தும் வந்தது, இல்லாமலும் வந்தது. ஒரு காலை கரையில் சட்டி பானை விளக்கிக்கொண்டிருந்தபோது தெற்கே பார்த்தேன். கடல் உள்வளைந்த இடத்துக்கு அப்பால் அந்தக் காற்றாலைகள் அப்போதுதான் புதிதாக வந்திருந்தன. நாம் அவற்றைக் காத்தாடி என்போம். அன்று அவை வழக்கத்தை விட நெட்டையாக நின்றன, யாரோ பிடித்து இழுத்தது போல. அவற்றின் உச்சியில் இன்னொரு வரிசை தலைகீழாகத் தொங்கியது. கீழே சுற்றும் இறக்கையும் மேலே சுற்றும் இறக்கையும் ஒன்றையொன்று தொடப் போவது போல் வந்து தொடாமல் போயின. நான் சட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். தகரத்தின் முன்னால் ரேடியோவை வைத்தேன். தூத்துக்குடி.

"காத்தாடிக்கு ரெண்டு தலை" என்று வலப் பக்கத்தில் எழுதினேன். அடுத்த இரண்டு நாட்கள் ஒரு தலைதான், குரலும் இல்லை. மூன்றாம் நாள் இரண்டு தலை, குரல் இருந்தது. பிறகும் இரண்டு முறை அப்படியே. குரலை வளைத்த கூரைதான் வெளிச்சத்தையும் வளைத்தது. நம் சிநேகிதியின் படத்தில் இருந்ததும் அதுதான்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. கோவிலுக்குப் போகும் வழியில் தெற்கே பார்த்தேன். இரண்டு தலை. பூசையில் பக்கக் கதவோரம் நின்றுகொண்டேன். அங்கிருந்து கடல் தெரியும். ஃபாதர் அன்று பிரசங்கத்தை முடிக்கவே இல்லை. இயேசு ஏறிவந்த கழுதைக் குட்டியின் பணிவைப் பற்றி நீட்டி நீட்டிச் சொன்னார். வெயில் ஏற ஏறத் தலைகீழ்க் காற்றாலைகள் தேய்ந்துகொண்டே வந்தன. அன்று நான் செய்த செபம் ஒன்றுதான்: கழுதை கெதியாக எருசலேமுக்குப் போய்ச் சேரட்டும்.

பூசை முடிந்ததும் பெரியவர்கள் படகுக் கொட்டகையில் கூடினார்கள். அப்பா ஓரத்தில், மடித்த சிவப்புச் சீலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிரிக்கெட் கேட்பதற்காகத் தலைவர் தன் ரேடியோவையும் கொண்டுவந்திருந்தார். குவைத்திலிருந்து மகள் வாங்கி வந்தது. இலக்கம் சிவப்பு வெளிச்சத்தில் எரியும்.

"அண்ணே," என்று தலைவர் அப்பாவைப் பார்த்துக் கத்தினார். "குறை ஒண்டும் நினைக்காதீங்க. வயசும் போகுது, காதும் போகுது."

அப்பா சீலையை எடுத்து நீட்டினார்.

சங்கக் கூட்டத்தில் பெண்பிள்ளைகள் பேசுவதில்லை. நீங்கள் எல்லாரும் வெளியே, கிடுகு வேலிக்குப் பின்னால் நின்றீர்கள். நான் உள்ளே போனேன்.

"பெரியப்பா, அதை வாங்க முதல் உங்கட ரேடியோவில எங்கட ஸ்டேசனைப் போடுங்கோ. இண்டைக்கு இந்தியாக்காரி கதைப்பா."

"ஆர் கதைப்பா?"

"அண்டைக்கு அப்பாட்டக் காத்து எண்டு சொன்னவ."

சிரிப்பு. ஆனால் தலைவருக்கும் பார்க்க ஆசை வந்துவிட்டது. போட்டார். கொழும்பு. பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இந்தியாக்காரிக்கு இண்டைக்கு லீவோ பிள்ளை?"

"அந்தத் தகரத்தை இதுக்குக் கிழக்கால நிப்பாட்டுங்கோ." எஞ்சின்களை மூடியிருந்த கூரைத் தகரத்தைக் காட்டினேன்.

"ரேடியோக்குக் குளிருதாம்," என்றார் ஒருவர். ஆனாலும் இரண்டு பேர் எழுந்து தகரத்தைத் தூக்கி நிறுத்திப் பிடித்தார்கள். கொட்டகைக்குக் கடல் பக்கம் சுவர் கிடையாது. பாட்டு அப்படியே ஓடியது. நான் ரேடியோவைத் தகரத்திலிருந்து கொஞ்சம் முன்னுக்கு இழுத்தேன். பாட்டு. இன்னும் ஒரு சாண். பாட்டு. பின்னால் யாரோ, "போதும், பிள்ளைய வீட்ட அனுப்புங்க" என்றார். இன்னும் ஒரு சாண் இழுத்தேன்.

பாட்டு பாதியில் அறுந்தது. ஒரு மூச்சு நேரம் இரைச்சல். பிறகு அவள் வந்தாள். நேற்றிலிருந்து அந்தக் கொட்டகையில் இருந்தவள் போல, நிதானமாக, பத்து மணிச் செய்தி வாசித்தாள். தூத்துக்குடி மாநகராட்சி. குடிநீர்க் குழாய். ஆட்சியர் திறந்துவைத்தார்.

தகரத்தைப் பிடித்திருந்தவர்கள் இருவரும் தகரத்தை விடாமலே எட்டிப் பார்த்தார்கள். தலைவர் குனிந்து சிவப்பு இலக்கத்தைப் பார்த்தார். "நம்பர் மாறேல்ல," என்றார். "எங்கட நம்பர்தான்." மறுபடியும் பார்த்தார். "எங்கட நம்பர்தான்."

"அப்ப அண்ணே, இந்தியாக்குக் குடுக்க வேண்டிய லீவை எங்களுக்குக் குடுத்திட்டீங்க" என்று ஒருவர் சொல்ல, கொட்டகை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு வேறு. அதில் அப்பாவுக்கும் இடம் இருந்தது.

பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும். சீலை அப்பாவிடமே இருந்தது. அவர் ரேடியோ திறப்பதற்கு முன் காற்றாலைகளைப் பார்த்து வந்து சொல்வது என் வேலையாயிற்று. இரண்டு தலை என்றால் ரேடியோவைத் தகரத்தை விட்டுத் தூரமாக எடுத்துப்போய்க் கேட்பார். நான் வாடிக்குப் போகவில்லை. பத்தாம் வகுப்பு, உயர்தரப் பரீட்சை, பல்கலைக்கழகம் என்று போனேன். இப்போது ஒலிபரப்புக் கோபுரங்களிலிருந்து வரும் அலைகளை அளந்து பார்க்கும் வேலை. நல்ல வேலை. எங்கள் வீட்டில் இப்போது நாலு பக்கமும் கல் சுவர்.

உங்களுக்குத் தெரியாதது, வேலிக்கு வெளியே நின்றபடியால் நீங்கள் பார்க்காதது, ஒன்று உண்டு.

எல்லாரும் சிரித்தபோது அப்பா சிரிக்கவில்லை. எழுந்து நொண்டிக்கொண்டு வந்து ரேடியோவின் முன் குந்தினார். இடது காதைச் சாய்த்தார்.

"சத்தத்தைக் குறை," என்றார்.

குறைத்தேன்.

"இன்னும்."

கொட்டகை அடங்கிவிட்டது. தகரம் பிடித்தவர்கள் மூச்சுக் கூடப் பலமாக விடவில்லை. அவள் குரல் எனக்கே நூல் போல்தான் கேட்டது.

"இன்னும் குறை பிள்ளை."

எனக்குக் கேட்கவில்லை. அவள் உதடு எங்கோ அசைகிறது என்பது போல் மட்டும் இருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, வேதம் சொல்வது போல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லத் தொடங்கினார். "கடலோரப் பகுதிகளில்... வறண்ட வானிலை... காற்று தென்கிழக்கில் இருந்து... மீனவர்களுக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை."

அவர் சொல்வது சரியா என்று பார்க்க எங்களில் ஒருவராலும் முடியவில்லை. தலைவர் மணலில் மண்டியிட்டார். ரேடியோவின் மேல் தன் காதை அழுத்தி வைத்தார். அப்பா சொல்லிக்கொண்டே போனார். கொஞ்ச நேரம் கழித்து, நிமிராமலே, தலைவர் ஆம் என்று தலையை ஆட்டினார்.